ரிப்ளை கார்டு

நம் வயதுக்காரர்களுக்கு ரிப்ளை கார்டு பற்றி விளக்க வேண்டியதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு அஞ்சலட்டைகள். ஒன்றில் கேட்க வேண்டியதை எழுதுவோம், மற்றதில் நம் முகவரியை நாமே எழுதுவோம், பிறகு நம் கையெழுத்திலேயே நமக்கு ஒரு பதில் வந்து சேரும் என்று நாள்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஜப்பானிலும் இதே அட்டை உண்டு, அதற்கு ‘ஓஃபுகு ஹகாகி’ என்று பெயர் என்பதை நான் தெரிந்துகொண்டது 1993 வசந்தத்தில், கவாஸாகியில், நம்பு ரயில் பாதையை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரங்களுக்கு நடுவே. ஊரைவிட்டு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு 26 வயது. என் பெயரையும் முகவரியையும் ஜப்பானிய எழுத்தில் பிழையில்லாமல் எழுத அப்போதுதான் பழகியிருந்தேன். அந்தப் பழக்கமெல்லாம் அந்த வசந்தத்தில் அஞ்சலட்டைகளுக்கே செலவாயிற்று.

காரணம் ஜே லீக். மே 15ஆம் தேதி டோக்கியோ தேசிய விளையாட்டரங்கில் ஜப்பானின் முதல் தொழில்முறைக் கால்பந்து லீக் தொடங்கப்போகிறது, எங்கள் ஊர் வெர்டி கவாஸாகியும் பக்கத்து ஊர் யோகோஹாமா மரினோஸும் மோதப்போகின்றன, டிக்கெட் வேண்டுமென்றால் ரிப்ளை கார்டு போட்டுக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும் என்று எனக்குச் சொன்னவர் பக்கத்து இயந்திரத்தில் நின்ற பெரியவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். வாழ்நாள் முழுக்க பேஸ்பால் பார்த்தவர். அதுவரை ஜப்பானில் கால்பந்து என்றால் கம்பெனி அணிகள்தான். சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும் ஊழியர்கள் சனி, ஞாயிறுகளில் ஆடுவார்கள். இலவச டிக்கெட்டைக் கையில் திணித்தாலும் போவதற்கு ஆள் இருக்காது, கேலரியில் உட்கார்ந்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று அவர் சொல்வார். அப்படிச் சொன்ன மனிதர் மதிய உணவு நேரத்தில் சோற்றுப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு எனக்காக அட்டையின் மேல் வரிகளை எழுதிக் கொடுத்தார். ஆளுக்குப் பத்து அட்டை போட்டோம்.

பிறகு வந்த நாட்களை இப்போது நினைத்தாலும் நெஞ்சுக்குள் ஏதோ மெல்ல அசைகிறது. ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போதே அறை வாசலில் இருக்கும் தகரத் தபால் பெட்டி கண்ணில் படும். சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே கை அதன் மூடியைத் தூக்கிவிடும். மின்சாரக் கட்டணச் சீட்டு இருக்கும், பீட்ஸா கடை விளம்பரம் இருக்கும், ஊரிலிருந்து அம்மாவின் இன்லண்டுக்குப் பதிலாக வரும் நீல ஏரோகிராம் சில நாள் இருக்கும். ஒருநாள் என் கையெழுத்தே என்னைப் பார்த்துச் சிரித்தது. திருப்பிப் பார்த்தேன். இம்முறை வாய்ப்பு அமையவில்லை என்று மிகப் பணிவான மொழியில் அச்சிட்டிருந்தது. பத்துக்குப் பத்தும் அதே பதில்தான். பெரியவருக்கும் அப்படியே. அவற்றில் ஒன்றை நான் இன்றுவரை வைத்திருக்கிறேன். ஏன் வைத்தேன் என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது, இப்போது தெரியும்.

மே 15ஆம் தேதி இரவு முதல் ஆட்டத்தைத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த சின்ன உணவுக் கடையில், கவுண்டருக்கு மேலே அலமாரியில் வைத்த தொலைக்காட்சியில் பார்த்தோம். எட்டுப் பேர் உட்காரும் கடையில் இருபது பேர். அரங்கில் 59,626 பேர் என்று அறிவித்தபோது கடைக்காரம்மா கியோசா பொரிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். லீக்கின் முதல் கோலை வெர்டியின் டச்சுக்காரர் ஹென்னி மேயர் அடித்தார். பிறகு மரினோஸ் இரண்டு அடித்து 2-1 என்று ஜெயித்தது. தோற்றது எங்கள் அணி, ஆனாலும் கடையில் ஒருவர் முகமும் வாடவில்லை. பச்சை ஜெர்சியில் 11ஆம் எண் பந்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் எழுந்த அந்த ஓசைக்காகவே எல்லாரும் வந்திருந்தார்கள். கஸுயோஷி மியுரா. எல்லாருக்கும் கஸு. எனக்கும் அவருக்கும் ஒரே வயது, 1967இல் பிறந்தவர்கள் என்று பெரியவர் சொன்ன நொடியிலிருந்து அந்த மனிதர் என் வாழ்க்கையின் பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடும் ரயிலாகிவிட்டார்.

வயது மட்டுமா? வீட்டைவிட்டுப் போன கதையும் எங்களை ஒட்டவைத்தது. ஷிஸுவோகா ஜப்பானின் கால்பந்து நாடு. பள்ளிப் பிள்ளைகள் பேஸ்பால் மட்டையைவிடப் பந்தை அதிகம் விரும்பும் ஊர். அங்கே பிறந்த கஸு, உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு 1982இல், 15 வயதில் தனியாகப் பிரேசிலுக்குப் போனார். ஜப்பானில் தொழில்முறைக் கால்பந்தே இல்லாத காலம் அது. தொழில்முறை ஆட்டக்காரன் ஆகப்போகிறேன் என்று ஒரு பையன் சொன்னால் அதைக் கேட்பவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருளே பிடிபடாது. பிரேசில் மைதானங்களிலோ ஆடத் தெரியாதவனை ‘ஜப்பான்காரன்’ என்று அழைப்பார்களாம். மொழி தெரியாமல், பந்து தன் காலுக்கு வராமல், ஊருக்கே திரும்பிவிடலாம் என்று மனம் உடைந்திருந்த ஒருநாள் ரியோவில் ஒரு பூங்காவில் ஏழைப் பிள்ளைகள் வெறுங்காலோடு கிழிந்த பந்தை உதைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார், அவர்களில் ஒருவனுக்கு ஒரு கால் இல்லை, தனக்கு இரண்டு காலும் ஷூவும் இருக்கிறதே என்று நினைத்துத் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டார் என்று ஒரு கதை உண்டு, அவரே சொன்னது. 1986இல் ஸாண்டோஸ், பெலே ஆடிய அதே ஸாண்டோஸ், அவரை ஒப்பந்தம் செய்தது. பிறகு சிறிய ஊர் அணிகள், கொரிச்சீபா, மறுபடி ஸாண்டோஸ் என்று சுற்றிவிட்டு 1990இல் நாடு திரும்பினார். அந்த எட்டு வருடங்களில் அவரும் எத்தனை வாசல்களை, எத்தனை தபால் பெட்டிகளைப் பார்த்திருப்பார் என்று கம்பளிக்குள் சுருண்டபடி நினைத்துக்கொள்வேன். நினைத்தால் குளிர் கொஞ்சம் குறையும்.

அந்த வருடம் ஜப்பானுக்குக் கால்பந்துக் காய்ச்சல். அணிகள் பத்துதான். காஷிமாவில் ஜிகோ, நகோயாவில் லினேக்கர், இச்சிஹாராவில் லிட்பார்ஸ்கி. உலகக் கோப்பையில் பார்த்த முகங்கள் நம் ரயில் நிலையச் சுவரொட்டிகளில் வந்து உட்கார்ந்தன. டிரா என்பதே கிடையாது. 90 நிமிடத்தில் முடியாவிட்டால் கூடுதல் நேரம், முதல் கோல் விழுந்தவுடன் ஆட்டம் முடிந்தது, அப்போதும் இல்லையென்றால் பெனால்டி. பள்ளிப் பெண்கள் மணிக்கட்டில் அணியின் நிறத்தில் நூல் முடிந்த மிஸாங்கா கட்டிக்கொண்டார்கள். அது தானாக அறுந்து விழும் நாளில் நினைத்தது நடக்கும் என்றார்கள், அதனால் யாரும் அவிழ்க்க மாட்டார்கள். உருளைக்கிழங்கு சிப்ஸ் பொட்டலத்தின் முதுகில் ஆட்டக்காரர் அட்டை. பொட்டலக் கறிக் குழம்புக்குக்கூட ஜே லீக் என்று பெயர். நான் ஊருக்குப் பேசும் டெலிபோன் கார்டில் வெர்டியின் படம்; 105 யூனிட் தீரும்வரை அம்மாவோடு பேசிவிட்டு, தீர்ந்த கார்டைத் தூக்கிப் போட மனமில்லாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வேன். மைதானத்தில் எல்லார் கையிலும் பிளாஸ்டிக் குழல். ஆயிரக்கணக்கான குழல்கள் சேர்ந்து ஊதும் சத்தத்தை அக்கம்பக்கத்தார் தாங்க முடியாமல் புகார் சொல்ல, பல மைதானங்களில் அவற்றைத் தடை செய்தார்கள். இப்போது அந்த அமைதியான தெருக்களில் நடக்கையில், அந்தச் சத்தம் ஒருமுறை, ஒரே ஒருமுறை கேட்டால் தேவலை என்று தோன்றும்.

கடைசியில் அந்த இலையுதிர் காலத்தில் பெரியவர் எங்கிருந்தோ இரண்டு டிக்கெட் கொண்டுவந்தார். மைதானம் தோதோரோகி. நம்பு ரயிலில் முஸாஷி கொஸுகியில் இறங்கி, தொழிற்சாலை மதில்களையும் கம்பெனி விளையாட்டுத் திடல்களையும் தாண்டி, தாமா ஆற்றுக் காற்று முகத்தில் அடிக்க இருபது நிமிட நடை. வெயில் சாய்ந்திருந்தது. வெர்டி கோல் அடித்தது, அடித்தவர் கஸு. கொடிக்கம்பத்தை நோக்கி ஓடினார், நின்றார், இரண்டு கால்களையும் மாற்றி மாற்றிச் சடசடவென்று எடுத்துவைத்து, பந்தில்லாமலே ஒரு தடுப்பாட்டக்காரரைத் தாண்டுவதுபோல் உடம்பை வளைத்து, முடிவில் கையைக் கீழே கொண்டுபோய் மேலே வீசி ஒற்றை விரலை நீட்டினார். கஸு டான்ஸ். தொலைக்காட்சியில் நூறு முறை பார்த்தது. ஆனால் நேரில் பார்க்கும்போது அவருடைய ஷூவின் ஆணிகள் புல்லைக் கிள்ளும் சத்தம்கூடக் கேட்டதுபோல் இருந்தது. பக்கத்தில் பார்த்தால், ஐம்பது வயதைத் தொடப்போகும் பேஸ்பால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் வெர்டி சாம்பியன், கஸு லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். விருது விழாவுக்குத் தலைமுதல் கால்வரை சிவப்பு சூட் போட்டு வந்தார். அடுத்த வருடமும் வெர்டியே சாம்பியன்.

முஸாஷி கொஸுகியை இன்று பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது கதையாகத் தோன்றும். மதில்கள் போய்விட்டன, திடல்கள் போய்விட்டன. வானத்தை மறைத்துக்கொண்டு அடுக்குமாடிக் கோபுரங்கள், டோக்கியோவுக்குப் போகும் வேக ரயில், கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் குழந்தைகளுக்கான விளையாட்டறைகள். என் மகள் அந்தக் கோபுரங்களின் நிழலில் வளர்ந்தவள், அவளுக்கு அவை ஊரின் அழகு. எனக்கும் அவை அழகுதான், மாலையில் விளக்கு போடும்போது. வெர்டி 2001இல் கவாஸாகியை விட்டு டோக்கியோவுக்குக் குடிபோனது. எங்கள் கண்முன்னே இன்னோர் அணி, கவாஸாகி ஃப்ரோன்தாலே, வெளிர்நீல ஜெர்சியோடு மெல்ல மெல்ல வளர்ந்து 2017, 2018, 2020, 2021 என்று நான்கு முறை லீக்கை வென்றது. மகள் அந்த நீலத்தில் பிறந்தவள். என் அலமாரியில் இன்னும் ஒரு பச்சைத் துண்டு இருக்கிறது. ஒரே மைதானம், அப்பாவுக்கு ஒரு நிறம், மகளுக்கு ஒரு நிறம்.

அந்த முதல் வருடத்தின் சந்தோஷம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரிய அடியும் அதே வருடம் விழுந்தது. 1993 அக்டோபர் 28, தோஹா. ஈராக்கை ஜெயித்துவிட்டால் ஜப்பான் முதல்முறையாக உலகக் கோப்பைக்குப் போகும். ஆட்டம் தொடங்கும்போதே இங்கே இரவு பத்து மணிக்கு மேல். கடையை மூடும்போது உள்ளே எடுக்கும் வாசல் திரையைக் கடைக்காரம்மா அன்று எடுக்காமல் விட்டுவிட்டார். ஐந்தாவது நிமிடத்தில் கஸு தலையால் முட்டி ஒரு கோல். ஈராக் சமன் செய்தது. நகயாமா இன்னொன்று அடித்தார், 2-1. கடிகாரம் 90ஐத் தாண்டியது. ஈராக்குக்கு ஒரு கார்னர். அதை உள்ளே அடிக்காமல் பக்கத்திலேயே தட்டிவிட்டார்கள். கோட்டோரமாக ஓடிப் போய்க் காலை நீட்டித் தடுக்கப் பார்த்தவர் கஸுதான். பந்து அவரைத் தாண்டிப் போனது, உயர்ந்தது, ஒரு தலை அதைத் தொட்டது, கோல்கீப்பர் நின்ற இடத்திலேயே நின்று அது உள்ளே விழுவதைப் பார்த்தார். 2-2. திரையில் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் புல்லில் விழுந்தார்கள். கடையில் யாரும் பேசவில்லை. வெளியே கடைசி ரயில் போகும் சத்தம் கேட்டது. அந்த நாளுக்கு இங்கே ‘தோஹாவின் சோகம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

29 வருடம் கழித்து 2022இல் அதே கத்தாரில் உலகக் கோப்பை. ஜப்பான் ஜெர்மனியை 2-1 என்றும் ஸ்பெயினை 2-1 என்றும் வென்றது. கோட்டைத் தாண்டிவிட்டதாக எல்லாரும் நினைத்த பந்தை மயிரிழை மிச்சத்தில் உள்ளே தட்டிவிட்டவர் எங்கள் ஊர்ப் பையன் மிதோமா. பயிற்சியாளர் ஹஜிமே மொரியாஸு 1993இல் அந்தப் புல்லில் விழுந்தவர்களில் ஒருவர். மகள் விடியுமுன் எழுந்து கைப்பேசியில் பார்த்துவிட்டு என் அறைக் கதவைத் தட்டினாள். “அப்பா, ஜெயிச்சிட்டோம்ப்பா! ஏம்ப்பா அழறீங்க?” அவளுக்கு எப்படிச் சொல்வது? அவளுடைய தலைமுறைக்கு உலகக் கோப்பை என்பது நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஜப்பான் தவறாமல் போகிற இடம். நாங்கள் அதன் வாசலிலேயே நின்றவர்கள். அவர்களுக்கு அந்த வலி இல்லை என்பதில் எனக்கு முழு நிம்மதி. ஆனால் அந்த வாசலில் இருபது பேர் தோளோடு தோள் உரசி நின்ற சூடு அவர்களுக்குக் கிடைக்காது என்பதில் ஒரு சின்ன ஏக்கம்.

தோஹாவுக்குப் பிறகும் கஸு தொடர்ந்து காத்திருந்தார். 1994இல் இத்தாலியின் ஜெனோவாவுக்குப் போனார், ஸீரி ஆவில் ஆடிய முதல் ஜப்பானியர். ஏஸி மிலானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே பரேஸியோடு மோதி மூக்கு உடைந்தது. அந்த ஸீஸன் முழுவதற்கும் ஒரே கோல், அது ஸாம்ப்டோரியாவுக்கு எதிரான ஊர் டெர்பியில். திரும்பி வந்து 1996இல் 23 கோல் அடித்து லீக்கில் முதலிடம். 1997 நவம்பர் 16, ஜோகூர் பாருவில் ஈரானோடு தகுதி ஆட்டம். இரண்டாவது பாதியில் மாற்றுப் பலகையில் 11 என்று வந்தபோது, தன் நெஞ்சைச் சுட்டி ‘நானா?’ என்று கேட்டாரே, அந்த விரலை நான் மறக்கவே மாட்டேன். கோல் அடித்தால் வானத்தை நோக்கி நீளும் விரல் அது. அவர் வெளியே உட்கார்ந்திருக்க, கூடுதல் நேரத்தில் ஒகானோ அடித்த கோலில் ஜப்பான் 3-2 என்று வென்று முதல்முறையாக உலகக் கோப்பைக்குப் போனது.

1998 ஜூன் 2ஆம் தேதி, பிரான்ஸுக்குப் போகும் முன் ஸ்விட்ஸர்லாந்தின் நியோனில் பயிற்சி முகாம். 25 பேரில் மூன்று பேரைக் கழிக்க வேண்டும். பயிற்சியாளர் தகேஷி ஒகாதா வாசித்த மூன்று பெயர்களில் ஒன்று கஸு. 31 வயது. நாட்டுக்காக ஐம்பதுக்கு மேல் கோல் அடித்தவரைக் கழித்துவிட்டு நாடு முதல் உலகக் கோப்பைக்குப் போனது. நாடு திரும்பும்போது கஸுவின் தலைமுடி வெள்ளிபோல வெளுத்திருந்தது, சாயம் போட்டிருந்தார். விமான நிலையத்தில் காமிராக்களுக்கு நடுவே நிமிர்ந்து நடந்தார். எனக்கு அந்த வாரம்தான் மகள் பிறந்தாள். மருத்துவமனைக் காத்திருப்பு அறையின் தொலைக்காட்சியில் அந்த முகத்தைப் பார்த்தபடி, என் வயதுக்காரர் ஒருவரின் கதவு மூடுவதையும் என் வீட்டில் ஒரு கதவு திறப்பதையும் சேர்த்து மனத்தில் வாங்கிக்கொண்டேன். அவர் ஓய்வு பெற்றுவிடுவார் என்று பெரியவர் சொன்னார், தொழிற்சாலையில் எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

பத்துக்குப் பத்தும் இல்லை என்று பதில் வந்தபின் மனிதர்கள் செய்வது ஒன்றுதான், அட்டை போடுவதை நிறுத்திவிடுவார்கள். கஸு நிறுத்தவில்லை. ஸாக்ரெப், கியோதோ, கோபே என்று அணி மாறிக்கொண்டே இருந்தார். 2005இல் வந்து சேர்ந்த இடம் யோகோஹாமா எஃப்சி. அந்த அணிக்கும் ஒரு கதை உண்டு. முதல் பத்து அணிகளில் ஒன்றான யோகோஹாமா ஃப்ளூகல்ஸைப் பணமில்லை என்று மரினோஸோடு இணைத்து மூடினார்கள். மூடப்போகும் அணி 1999 ஜனவரி 1ஆம் தேதி பேரரசர் கோப்பையின் இறுதியில் வென்றுவிட்டுத்தான் கலைந்தது. இணைப்பை ஏற்காத ரசிகர்கள் சேர்ந்து தொடங்கியது யோகோஹாமா எஃப்சி. கைவிடப்பட்டவர்கள் கட்டிய வீட்டில் கைவிடப்பட்டவர் வந்து தங்கினார் என்று நான் நினைத்துக்கொள்வேன். 2007 டிசம்பரில், முதல் பிரிவிலிருந்து இறங்குவது ஏற்கெனவே உறுதியாகிவிட்ட அந்த அணி, கடைசி நாளில் சாம்பியன் ஆகவிருந்த உராவா ரெட்ஸை 1-0 என்று தோற்கடித்தது. கோலுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தது 40 வயது கஸு.

2011 மார்ச் பூகம்பத்துக்குப் பிறகு, நாங்கள் மின்தடைக்கு மெழுகுவத்தி வாங்கி வைத்துக்கொண்டிருந்த நாட்களில், ஓஸாகாவில் நடந்த நிதி ஆட்டத்தில் அவர் ஒரு கோல் அடித்துவிட்டு ஆடினார். 44 வயதில் அந்தக் கால்கள் சடசடத்தபோது என் மனைவி முதல்முறையாகச் சத்தம் போட்டுக் கைதட்டினாள். அதுவரை அவளுக்குக் கால்பந்து என் பைத்தியம். அன்றிலிருந்து அவளுக்கும் கஸு வேண்டியவர்.

2017 மார்ச்சில், மிக மூத்த வயதில் ஆடியவர் என்று இங்கிலாந்தின் ஸ்டான்லி மாத்யூஸ் வைத்திருந்த பழைய கணக்கை அவர் தாண்டினார். ஒரு வாரம் கழித்து, மார்ச் 12ஆம் தேதி, மிட்ஸுஸாவா மைதானத்தில், 50 வயது 14 நாளில் கோல் அடித்தார். தொழில்முறை ஆட்டத்தில் கோல் அடித்த மிக மூத்தவர் என்று கின்னஸ் பதிவு செய்தது. அந்த ஆட்டத்தைப் பார்க்கப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போனேன். எழுபதைத் தாண்டியிருந்தார், முழங்கால் வலி. கோல் விழுந்து, கொடிக்கம்பத்தை நோக்கி ஓடி, கால்கள் மாறி மாறி, விரல் உயர்ந்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். “இவர் இன்னும் அட்டை போடுகிறாரப்பா” என்றார். அதுதான் நாங்கள் சேர்ந்து பார்த்த கடைசி ஆட்டம்.

2020 செப்டம்பர் 23. பெருந்தொற்றுக் காலம். யோகோஹாமா எஃப்சி முதல் பிரிவுக்கு வந்திருந்தது, அன்று எதிரணி ஃப்ரோன்தாலே, மைதானம் தோதோரோகி. மகள் கைப்பேசியில் இரண்டு விநாடியில் டிக்கெட் எடுத்துவிட்டாள். “அப்பா, உங்க கஸு இன்னிக்கு கேப்டனாம்ப்பா” என்றாள். 53 வயது 6 மாதம் 28 நாள். முதல் பிரிவில் அதுவரை ஆடியவர்களில் மிக மூத்தவர். கூட்டத்துக்கு எல்லை இருந்தது, குரல் எழுப்பத் தடை, முகத்தில் முகக்கவசம். கேப்டன் பட்டையோடு, 11ஆம் எண்ணோடு அவர் அந்தப் புல்லில் இறங்கியபோது பச்சைக் காலத்தின் அந்தச் சத்தம் எழவில்லை. கைதட்டல் மட்டும், மழை தகரத்தில் விழுவதுபோலச் சீராக, நீளமாக, எதிரணி ரசிகர்கள் பக்கமிருந்தும். 56 நிமிடம் ஆடினார். கோல் அடிக்கவில்லை, ஃப்ரோன்தாலே 3-2 என்று ஜெயித்தது. மகளின் அணி ஜெயித்தது, அவள் கை தட்டியது என் ஆளுக்கு. அந்த மைதானத்தில் எங்கள் இரண்டு நிறங்களும் ஒன்றாக இருந்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பின்னும் அவர் நிற்கவில்லை. நான்காம் நிலை லீக்கில் சுஸுகா, 56 வயதில் போர்ச்சுகலின் ஒலிவெய்ரென்ஸே, மறுபடி சுஸுகா. நானோ பொறுப்புகளை இளையவர்களிடம் ஒப்படைத்துவிட்டேன். கடைசல் இயந்திரங்கள் இருந்த இடத்தில் குடியிருப்பு எழுந்துவிட்டது, உணவுக் கடை இருந்த இடத்தில் வண்டி நிறுத்தம். பழைய தேசிய விளையாட்டரங்கையும் இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். பத்து அணிகள் இன்று மூன்று பிரிவுகளில் அறுபது. 15 ஸீஸன் கீழே இருந்த வெர்டி 2024இல் முதல் பிரிவுக்குத் திரும்பி, முதல் ஆட்டத்தைப் புதிய அரங்கில் அதே மரினோஸோடு ஆடியது. வெர்டி முதலில் அடித்தது, மரினோஸ் இரண்டு அடித்து 2-1. முப்பத்தொரு வருடம் கழித்து அதே ஸ்கோர். மறுநாள் பிப்ரவரி 26, கஸுவுக்கு 57 வயது. கைப்பேசியில் அந்த ஆட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், பின்னே ஓட்டலாம், வேண்டாததைத் தாண்டிப் போகலாம். எல்லாம் உடனே கிடைக்கிறது. அம்மாவின் முகத்தைக்கூட நினைத்த நேரத்தில் திரையில் பார்த்துவிடுகிறேன், அதற்காக நான் இந்தக் காலத்தைக் கும்பிடுகிறேன். ஆனாலும் தகரப் பெட்டியின் மூடியைத் தூக்கும் கையில் இருந்த நடுக்கத்தை இந்தக் காலம் எங்கே வைத்தது என்று தேடாமல் இருக்க முடியவில்லை.

2024 இலையுதிர் காலத்தில் அதைத் தேடித்தான் ஒருநாள் தனியாக சுஸுகாவின் ஆட்டம் பார்க்கப் புறப்பட்டேன். நகோயாவரை ஷிங்கான்ஸென், அங்கிருந்து கிண்டெட்ஸு ரயில். சின்ன மைதானம், கேலரியில் பாட்டிகள், பேரப் பிள்ளைகள், கையில் கட்டிய சோற்றுருண்டை. அவர் பெஞ்சில் இருந்தார். இரண்டாவது பாதியில் எழுந்து கோட்டோரம் ஓடத் தொடங்கினார். மேலே பயிற்சி மேலாடை, உள்ளே 11. பக்கவாட்டில் ஓடுவார், நின்று காலை நீட்டுவார், பந்து போகும் திசையைப் பார்ப்பார், மறுபடி ஓடுவார். 80ஆவது நிமிடம், 85, 90. ஒவ்வொரு முறை பந்து வெளியே போகும்போதும் கேலரியே பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. மாற்றுப் பலகை உயரவில்லை. விசில் ஊதிவிட்டார்கள். அவர் மற்றவர்களோடு வரிசையில் வந்து நின்று, எங்களைப் பார்த்து, முழுதாகக் குனிந்து வணங்கினார்.

எனக்குப் பக்கத்தில் ஒரு சிறுவன் தாத்தாவின் சட்டையை இழுத்தான். “அடுத்த வாரம் ஆடுவாரா?”

“வருவோம், பார்ப்போம்” என்றார் தாத்தா.

அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தேன். ஏமாற்றம் இருந்தது, அதற்கு மேலே இன்னொன்றும் இருந்தது. அது எனக்குத் தெரிந்த முகம். 1993இல் ஒரு தகரப் பெட்டிக்கு முன்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவனின் முகம். திரும்பி வரும் ரயிலில் கைப்பேசியை எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருட்டும்வரை வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.